முதலில் டெஸ்ட், அப்புறம் ஊசி, கடைசியில் மெடிக்கல்: வெளிநாடு கிளம்பும் வடசென்னைக்காரர்களுக்கு

காசிமேட்டுத் தம்பி ஒருவர், ஏசி மெக்கானிக். சவூதியில் வேலை உறுதியான சந்தோஷத்தில் இருந்தார். "அங்க போறதுக்கு முன்னாடி மஞ்சக்காமாலை ஊசி போட்டுக்கோ" என்று கூட வேலை பார்க்கிறவர் சொன்னதைக் கேட்டு, திங்கட்கிழமை ஊசி போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை மெடிக்கல், அதாவது வெளிநாட்டு வேலைக்கான உடல்தகுதிப் பரிசோதனை. ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ், அன்ஃபிட் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அந்தத் தாளோடு எங்கள் லேபுக்கு வந்தவர், "அக்கா, ஊசி போட்டா நோய் வராதுன்னுதான சொன்னாங்க? எனக்கு ஊசியே நோயக் குடுத்துடுச்சா?" என்று கேட்டார்.

நோய் வரவில்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில் இருப்பது அந்த வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதம் மட்டும். மெடிக்கலில் செய்கிற ரத்தப் பரிசோதனை தேடுவதும் அதே புரதத்தைத்தான். ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று வாரம் வரைக்கும் அது ரத்தத்தில் தென்படலாம். அந்த நாட்களில் ரத்தம் எடுத்தால், புரதம் ஊசியிலிருந்து வந்ததா வைரஸிலிருந்து வந்ததா என்று மெஷினுக்குத் தெரியாது. ஒன்றரை மாதம் கழித்து அவருக்கு மறுபடி எடுத்துப் பார்த்தோம். நெகட்டிவ். அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் போய்விட்டார்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் படிப்புக்கும் கிளம்புகிற பிள்ளைகள் என் எதிரில்தான் கையை நீட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். அவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். முதல் முறையாகப் போகிறவர்களுக்காக எழுதுவது இது. அங்கேயே குடும்பத்தோடு இருந்து லீவுக்கு வருகிறவர்களுக்கும் பின்பாதியில் முக்கியமான விஷயம் இருக்கிறது.

வாய் வழி, ரத்த வழி

மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறி. கல்லீரல் சரியாக வேலை செய்யாதபோது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. குடி, பித்தப்பைக் கல், சில மாத்திரைகள் என்று காரணங்கள் பல இருக்கலாம். வைரஸால் கல்லீரல் வீங்குவதைத்தான் வைரல் ஹெபடைட்டிஸ் என்கிறோம். அதில் ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து வகை உண்டு.

ஏ, ஈ இரண்டும் வாய் வழியாக வருபவை. மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை, சரியாக வேகாத உணவு ஆகியவைதான் வழி. ஆளைப் படுக்கப் போட்டாலும் பெரும்பாலோருக்குத் தானாகச் சரியாகிவிடும், உடம்பில் தங்காது. பி, சி இரண்டும் ரத்தம் வழியாகவும், உடலுறவு வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் வருபவை. இவை தங்கிவிடக்கூடியவை. பத்து, இருபது வருடம் சத்தமே இல்லாமல் இருந்து, கல்லீரல் சுருங்கிய பிறகோ புற்றுநோய் வந்த பிறகோ தெரியவரும். டி, பி இருக்கிற உடம்பில் மட்டும்தான் ஒட்டும்.

ஏ-க்கும் பி-க்கும் தடுப்பூசி இருக்கிறது. சி-க்கு ஊசி கிடையாது. ஆனால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே ஏறக்குறைய எல்லோருக்கும் குணமாகிவிடுகிறது. இந்தியாவில் 2022 கணக்குப்படி சுமார் 2 கோடியே 98 லட்சம் பேருக்கு பி-யும், 55 லட்சம் பேருக்கு சி-யும் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வெளிநாட்டு மெடிக்கலில்தான் முதல் முறையாகத் தெரிகிறது, அதுவும் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ நீட்டுகிற ஒரு தாளில். அப்படி நடக்கவே கூடாது என்பதுதான் என் ஆசை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடும் அன்றே ரத்தம் கொடுங்கள்

பி தடுப்பூசி முழுமையாக முடிய ஆறு மாதம் ஆகும். அதனால் விசா வந்த பிறகு யோசிப்பது தாமதம். வெளிநாடு போகலாம் என்று வீட்டில் முதல் பேச்சு எழும்போதே, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிற அன்றே, ஒருமுறை ரத்தம் கொடுத்துவிடுங்கள். எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். இது உங்களுக்காக எடுக்கிற டெஸ்ட், யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை.

லேபில் இப்படிக் கேளுங்கள்: ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி ஹெச்.பி.எஸ்., ஆன்டி ஹெச்.பி.சி., அதோடு சி-க்கான ஆன்டி ஹெச்.சி.வி. நான்கும் ஒரே முறை குத்தி எடுக்கிற ரத்தத்தில் முடியும். காசு இடிக்கிறது என்றால் முதலாவதையும் கடைசியையும் மட்டுமாவது எடுங்கள்.

ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது என்று பொருள். இனி பி ஊசி போட்டுப் பயனில்லை, டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அது நெகட்டிவாக இருந்து, ஆன்டி ஹெச்.பி.எஸ். அளவு 10-க்கு மேல் இருந்தால் உங்களுக்கு எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே இருக்கிறது. எல்லாமே நெகட்டிவ் என்றால் ஊசிக்குத் தகுந்த ஆள் நீங்கள்தான். ஆன்டி ஹெச்.பி.சி. மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால், முன்பு எப்போதோ வைரஸ் வந்து போயிருக்கலாம். அதை நீங்களாகவே அர்த்தம் பண்ணிக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

"சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சு அக்கா" என்று சொல்கிறவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் பி-யையும் சேர்த்துப் போடுகிற ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில்தான் அரசுத் திட்டத்தில் வந்தது. இப்போது வேலைக்குக் கிளம்புகிற வயதில் இருப்பவர்கள் எல்லோரும் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். சிலருக்குத் தனியார் ஆஸ்பத்திரியிலோ, சில இடங்களில் அரசே அதற்கு முன்பு தனியாகப் போட்ட பி ஊசியாகவோ போட்டிருக்கலாம். அம்மா எங்கேயாவது பத்திரமாக வைத்திருக்கிற அந்தத் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஊசி

பி ஊசி மூன்று டோஸ். இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. நாள் குறைவாக இருந்தால் 0, 7, 21 என்று மூன்று வாரத்துக்குள் மூன்றையும் போட்டு, ஒரு வருடம் கழித்து நான்காவது போடுகிற முறையும் உண்டு. அதை டாக்டர் எழுதித் தர வேண்டும். நடுவில் ஒரு டோஸ் தள்ளிப்போய்விட்டால் பயப்பட வேண்டாம், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்றாவதை லீவுக்கு வரும்போதோ அந்த ஊரிலேயோ போட்டுக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் காசிமேட்டுத் தம்பிக்கு யாரும் சொல்லாத விஷயம். எந்த டோஸுக்கும் மெடிக்கலுக்கும் நடுவில் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். மெடிக்கல் தேதி ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டால், ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மெடிக்கலை முடியுங்கள். கிளம்ப ஒரு மாதமாவது இருந்தால், ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அங்கே போய் இறங்கிய பிறகு எடுக்கிற ரத்தத்துக்கும் அதே இடைவெளி இருக்கட்டும். வளைகுடா வேலைக்கு வாஃபித் என்ற இணையதளத்தில் மெடிக்கல் பதிவு செய்தபின் முடிவு கணினியில் ஏறிவிடும். "ஊசி போட்டதால வந்துச்சு சார்" என்று அங்கே நின்று சொல்வதை யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைகளில் குழந்தைகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அதிலும் பெரிய செலவு இல்லை. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் ஷான்வாக் பி என்ற பெயரில் இந்த ஊசியை உள்நாட்டிலேயே தயாரிக்க ஆரம்பித்த பிறகு விலை வெகுவாக இறங்கியது. ஜீன்வாக் பி, ரீவாக் பி, எஞ்சரிக்ஸ் பி என எந்த பிராண்டும் சரிதான்.

ஊசி எப்படிப் போடப்படுகிறது என்பதை நின்று பாருங்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், உறையவே கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால் அதில் சக்தி போய்விடும், மறுபடி உருகினாலும் திரும்பாது. மருந்துக்கடையில் நீங்களே வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறீர்கள் என்றால், குப்பியை ஐஸ் மேல் நேரடியாகப் படும்படி வைக்காதீர்கள். ஒரு துணியோ அட்டையோ நடுவில் இருக்கட்டும். எம்.சி. ரோட்டில் புடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காமல் நேராகப் போங்கள். நர்ஸ் குப்பியைக் குலுக்குவார், அடியில் தங்கியிருந்த வெள்ளை கலந்து மருந்து மோரை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்தது போல மங்கலாக ஆகும். அப்படி மங்கலாக இருப்பதுதான் சரி. குலுக்கிய பிறகும் திப்பி திப்பியாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கு 1 மில்லி, தோளுக்குக் கீழே மேற்கைச் சதையில் போட வேண்டும். இடுப்புக்குக் கீழே போட்டால் எதிர்ப்பு சக்தி சரியாக வராது. "கை வலிக்கும், பின்னாடியே போட்டுடுங்க" என்று தயவுசெய்து நீங்களாகக் கேட்காதீர்கள்.

போட்டதும் அட்டையில் தேதி, பிராண்ட், குப்பியில் உள்ள பேட்ச் எண், டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் வாங்குங்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நர்ஸிங், லேப், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்களும் மருத்துவம் படிக்கப் போகிறவர்களும் இன்னொரு படி ஏற வேண்டும். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஆன்டி ஹெச்.பி.எஸ். அளவை எடுத்து, 10-க்கு மேல் இருக்கிறது என்று அந்த ரிப்போர்ட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஏ ஊசி எல்லோருக்கும் வேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டையில் குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஐம்பது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் சின்ன வயதிலேயே ஏ வந்து, தெரியாமலே போயிருக்கும். ஆறு வயதுக்குள் வந்தால் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது. வயது ஏற ஏறத்தான் இந்த நோய் ஆளைப் போட்டுப் பார்க்கும். இருபது வயதுக்காரர்கள், கேன் தண்ணீரில் வளர்ந்தவர்கள், ஏ-க்கான எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே இருக்கிறதா என்று காட்டுகிற ஐ.ஜி.ஜி. டெஸ்ட் எடுத்து, இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஒரே டோஸில் முடிகிற உயிருள்ள தடுப்பூசியும் உண்டு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் போடுவதும் உண்டு.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகத்தில் போடுவது மஞ்சள் காய்ச்சல் ஊசி. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டும், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். பெயரில் மஞ்சள் இருப்பதால் அதைப் போட்டுவிட்டு "காமாலை ஊசி போட்டாச்சு" என்று நிம்மதியாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் முற்றிலும் வேறு.

பாசிட்டிவ் என்று வந்தால்

இதை எழுதும்போது என் அண்ணன் முகம்தான் முன்னால் நிற்கிறது. அவனுக்கு 26 வயது இருக்கும்போது துபாய்க் கனவு. மெடிக்கலில்தான் பி இருப்பது தெரிந்தது. வீட்டுக்கு வந்தவன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே வைத்துக்கொண்டான். அம்மா சமையலறையில் நின்று அழுதாள். ஏஜென்ட் ஒருவர் "வேற ஆளு ரத்தத்தை வச்சு முடிச்சிடலாம்" என்று வழி சொல்லிப் பணம் கேட்டார். அப்பா மறுத்துவிட்டார். அந்த நாட்டில் போய் இறங்கிய பிறகு இன்னொரு முறை ரத்தம் எடுப்பார்கள். அங்கே மாட்டினால் வாங்கிய கடனோடு அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியதுதான்.

அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தோம். அம்மாவுக்கும் பாசிட்டிவ். பிறக்கும்போதே அண்ணனுக்கு வந்திருக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது உடம்பில் தங்கிவிடும். பெரிய ஆளுக்கு வந்தால் நூற்றில் ஐந்து பேருக்குக்கூடத் தங்காது. அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை அந்த டெஸ்ட்தான் எங்களுக்குச் சொன்னது. எனக்கு நெகட்டிவ், ஊசி போட்டார்கள். நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான்.

ஆகவே, பாசிட்டிவ் என்று வந்தால் முதலில் அது உண்மையா என்று பாருங்கள். சமீபத்தில் ஊசி போட்டிருந்தால் ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். மறுபடியும் பாசிட்டிவ் என்றால் குடல், கல்லீரல் டாக்டரிடம் போங்கள். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி இருக்கிறது. பழைய ஆட்களுக்கு இன்னும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். அரசு மருத்துவமனையிலேயே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்கிற இடம் அது. தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் பி, சி இரண்டுக்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அந்தத் திட்டத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது, கல்லீரல் என்சைம் எப்படி, ஸ்கேனில் என்ன தெரிகிறது என்று பார்ப்பார்கள். பி இருக்கிற எல்லோருக்கும் உடனே மாத்திரை வேண்டியதில்லை. பலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வந்தாலே போதும். தேவைப்பட்டால் தினம் ஒரு மாத்திரை. அதை டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் டெஸ்ட் எடுங்கள். நெகட்டிவாக இருப்பவர்களுக்கு ஊசி. தட்டு, டம்ளர், பாய், தலையணை எதையும் பிரிக்க வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ குழந்தையைத் தூக்குவதாலோ கொசுக்கடியாலோ பி வராது.

எல்லா நாட்டிலும் எல்லா வேலைக்கும் இதைப் பார்ப்பதும் இல்லை. சவூதி மாதிரி நாடுகளுக்கான மெடிக்கலில் பி, சி இரண்டும் உண்டு. அமீரகத்தில் வீட்டு வேலை, குழந்தைகள் காப்பகம், சலூன் போன்ற வேலைகளுக்குத்தான் பி பார்க்கிறார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்த நாட்டின் அரசுத் தளத்தில் உங்கள் வேலைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

அங்கே ரூமில்

ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர் தங்குவீர்கள். ரேஸர், பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் நான்கும் உங்களுடையது உங்களுக்கு மட்டும். "ஒரு தடவதானே மச்சான்" என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். காய்ந்த ரத்தத்தில்கூட பி வைரஸ் குறைந்தது ஒரு வாரம் உயிரோடு இருக்கும். ரேஸர் ஓரத்தில் ஒட்டியிருக்கிற ரத்தம் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சலூனில் புது பிளேடு போடச் சொல்லுங்கள். ரூமிலேயே பச்சை குத்துகிற ஆள் வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஆணுறை பற்றி நான் சொல்லாமலே தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

லீவுக்கு வருகிறவர்களுக்கு

ஐந்தாறு வருடம் வெளியே இருந்துவிட்டு, அங்கே பிறந்த பிள்ளைகளோடு ராயபுரத்துப் பாட்டி வீட்டுக்கு வருகிறீர்கள். உங்கள் உடம்புக்குப் பழகிய ஊர், பிள்ளைகளுக்குப் பழகாத தண்ணீர். "நம்ம ஊருதானே" என்று ஊசி எதுவும் போடாமல் கிளம்பி வருகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த நாட்டில் என்ன ஊசி போட்டிருப்பார்கள் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 2006 முதல் ஒரு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் ஏ ஊசி போடச் சொல்லி வந்தார்கள். பிரிட்டனில் ஏ வழக்கமான பட்டியலிலேயே இல்லை, பி-யும் 2017 ஆகஸ்ட் முதல் பிறந்த குழந்தைகளுக்குத்தான். அட்டையைப் பாருங்கள். ஏ இல்லையென்றால் விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பு, குறைந்தது இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்குத் தாராளமாகப் போடலாம். ஆறு மாதம் முடிந்து ஒரு வயது நிறையாத குழந்தைக்கும் பயணத்துக்காக ஒரு டோஸ் போடலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அது கணக்கில் சேராது, ஒரு வயதுக்குப் பிறகு வழக்கமான இரண்டையும் போட வேண்டும்.

பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிற பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் வந்து சேர்வார்கள். கடைசி மூன்று மாதத்தில் ஈ வகை வந்தால் நிலைமை மிக மோசமாகும். நான்கைந்து பேருக்கு ஒருவர் வீதம் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதற்குச் சீனாவில் 2011-ல் தடுப்பூசி அனுமதி பெற்றது, நம் ஊர் அட்டவணையில் இல்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒன்றுதான் இங்கே அவர்களுக்குப் பாதுகாப்பு. தாய்க்கு பி பாசிட்டிவ் என்றால் ஆஸ்பத்திரியில் சேரும்போதே சொல்லுங்கள். குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் பி ஊசியும், இன்னொரு தொடையில், உடனடியாக எதிர்ப்பு சக்தி தருகிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். அந்த இரண்டாவது மருந்து எல்லா நேரமும் கையிருப்பில் இருக்காது. முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

நம் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பல இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அடிபம்பில் முதல் சில குடம் சில நாள் கலங்கலாகவும் நாற்றத்தோடும் வருகிறது. தெளிந்து வந்த பிறகு பிடித்தாலும், கண்ணுக்குத் தெளிவாக இருப்பது சுத்தம் என்று ஆகாது. 1955-56-ல் டில்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்ததும் சுத்திகரித்து விட்ட தண்ணீரால்தான். அது ஈ வகை என்று பல வருடம் கழித்துத் தெரிந்தது. தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள், அதே பாத்திரத்தில் மூடி ஆறவையுங்கள். கேன் தண்ணீர் என்றால் சீல் இருக்கிறதா பாருங்கள். டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொள்ளுகிற வீட்டில் கேன் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒன்றுதான். பிள்ளைகள் பல் தேய்ப்பதும் காய்ச்சிய தண்ணீரில். கைக்கு சோப்புதான் வேண்டும், சானிடைசரை நம்ப வேண்டாம்.

சாப்பாட்டில் எல்லாவற்றையும் தடை போட்டால் பாட்டி வீட்டுக்கு வந்ததில் என்ன இருக்கிறது? ஒரு விதி போதும். கண் முன்னால் அடுப்பிலிருந்து ஆவி பறக்க வருவது சரி. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகளில், கையால் பிசைந்து பச்சைக் கோஸும் வெங்காயமும் புளித் தண்ணீரும் சேர்த்துத் தருவதை ஊசி போடாத பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் கொதிக்கிற வாழைத்தண்டு சூப்பைத் தாராளமாகக் கொடுங்கள். பானி பூரித் தண்ணீர், ஐஸ் போட்ட கரும்புச் சாறு வேண்டாம். எண்ணூர்ப் பக்கம் கிடைக்கிற மட்டி, ஆளி வாங்கினால் நன்றாக வேகவையுங்கள். அவை தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகிற பிராணிகள், சாக்கடை வைரஸைத் தங்களுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். 1988-ல் ஷாங்காயில் சரியாக வேகாத மட்டியைச் சாப்பிட்டு சுமார் 3 லட்சம் பேருக்கு ஏ வந்தது.

மஞ்சள் வந்துவிட்டால்

முதலில் காய்ச்சல், குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. அப்புறம் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். கண் வெள்ளையில் மஞ்சள் தெரிவது அதற்கும் பிறகு. சிறுநீர் நிறம் மாறிய அன்றே டாக்டரைப் பாருங்கள். அதுவரை காய்ச்சல் மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்க வேண்டாம். பாரசிட்டமால் அதிகமானால் அதுவும் கல்லீரலைத்தான் தாக்கும்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நம் ஊர் ஆட்களே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழு, பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பெற்ற பாரூக் புளூம்பெர்க்கோடு சேர்ந்து 1988-ல் ஒரு முடிவை வெளியிட்டது. பி தங்கியிருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் பி வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெறும் பொடியைச் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஏ, ஈ வகைகள் எப்படியும் சில வாரத்தில் தானாக இறங்கிவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதனால் குணமானது போலத்தான் இருக்கும். அரைத்த கீழாநெல்லியை மோரில் கலந்து பாட்டி கொடுத்தால் சண்டை போட வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு சாப்பிடுங்கள். ஆனால் அதற்காக ரத்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். எந்த வகை என்று தெரியாமல் வைத்தியம் கிடையாது. கையில் சூடு போடுவதும், கண்ணில் சாறு பிழிவதும் கண்டிப்பாக வேண்டாம்.

ஆள் குழம்பிப் பேசினால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், வாந்தி நிற்காமல் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் உடனே 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கர்ப்பிணி என்றால் இவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், மஞ்சள் தெரிந்ததுமே கிளம்புங்கள்.

லீவு முடிந்து திரும்பிய பிறகுதான் பலருக்கு நோய் தெரியும். ஏ உள்ளே போய் வெளியே தெரிய சராசரியாக 28 நாள், சிலருக்கு 50 நாள்கூட ஆகும். ஈ வகையும் கிட்டத்தட்ட அப்படித்தான். பி-க்கு மூன்று மாதம் வரைக்கும், சில நேரம் ஆறு மாதம்கூட ஆகலாம். அங்கே கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சல் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்களாகவே சொல்லுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சென்னையில் இருந்தேன், குழாய்த் தண்ணீர் குடித்தேன், பல் பிடுங்கினேன், காது குத்தினோம், இன்னின்ன ஊசி போட்டிருக்கிறேன் என்று. போனில் இருக்கிற அந்த அட்டைப் படத்தையும் காட்டுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஏ என்று தெரிந்தால், கூட இருந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் ஊசி போட்டால் இன்னும் தடுக்க முடியும். அதனால் இங்கே பாட்டி வீட்டுக்கும் அன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.